ஹகரம் ஒன்றன்று: சோமாலி ஒலியமைப்பும் தமிழ்வழி ஒப்பீடும்

முன்னுரை

ஆப்பிரிக்க மொழிகளைத் தமிழோடு ஒப்பிடும் முயற்சி தமிழாய்வுக்குப் புதியதன்று. செனகல் நாட்டின் டக்கார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய க. ப. அறவாணன் தமிழர் – ஆப்பிரிக்கர் ஒப்பீட்டைத் தமிழில் பரவலாக அறிமுகப்படுத்தினார். அவ்வழி எழுந்த ஆர்வம் வரவேற்கத்தக்கது. எனினும், ஒலியொற்றுமையை இனவுறவுக்குச் சான்றாகக் கொள்ளுமுன் ஆய்வாளர் நிறைவேற்ற வேண்டிய கடமைகள் சில உள. குசிட்டிக் கிளையைச் சார்ந்த சோமாலி மொழியின் ஒலியமைப்பைக் கொண்டு அவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எழுத்தும் ஒலியும்

சோமாலியில் எழுத்தளவில் ஐந்து குறிலும் ஐந்து நெடிலும் உள்ளன. நாவளை டகரமும் உண்டு. தமிழறிந்தார்க்கு இவை நெருக்கமாகத் தோன்றுதல் இயல்பே. ஆயின், நாவடி முன்தள்ளியும் தள்ளாமலும் ஒலிக்கப்படுதலால் ஒவ்வோர் உயிரும் இருவகைப்பட்டு, உயிரொலிகள் இருபதாகின்றன. 1972இல் ஏற்கப்பெற்ற இலத்தீன் எழுத்துமுறை இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. சுருதி வேறுபாட்டையும் அது குறிப்பதில்லை: ‘இனன்’ என்பதன் முதலசை உயர்ந்தொலித்தால் சிறுவன், ஈற்றசை உயர்ந்தொலித்தால் சிறுமி. எனவே, எழுத்தை எண்ணி ஒலியை அளத்தல் பொருந்தாது.

வருகைமுறை

தொல்காப்பிய நெறிப்படி ட, ர, ல ஆகியன தமிழில் மொழிக்கு முதலாகா. சோமாலியிலோ மூன்றும் முதலாகும்: டேர் (நீளமான), ரோப் (மழை), லுக் (கால்). இச்சொற்களின் ஈற்றில் நிற்பவை ஒலிப்புடைய மெய்கள். தமிழ் வரிவடிவம் அதனைப் புலப்படுத்தவில்லை. தமிழில் ஒலிப்பிலாப் பகரம் அடிப்படையொலி. சோமாலியில் அவ்வொலியே இல்லை. ஓரொலி இரு மொழிகளிலும் இருப்பது மட்டும் போதாது. அஃது எங்கு வரும், எதனோடு மாறுபட்டுப் பொருள் வேற்றுமை தரும் என்பதே ஒப்பீட்டின் அடிப்படையாதல் வேண்டும்.

ஆய்தமும் தொண்டையொலியும்

சோமாலியின் தொண்டைக்குழி உரசொலியை ஆய்தத்தோடு இணைத்துக் காணத் தோன்றும். இவ்விணைப்பு நிலைபெறாது. ஆய்தம் குறிலுக்கும் வல்லின உயிர்மெய்க்கும் இடையில் மட்டுமே வரும் (அஃது, எஃகு). சோமாலித் தொண்டையொலி சொல்லின் முதல், இடை, கடை மூன்றிலும் வரும். மேலும், ‘ஹல்’ எனத் தமிழில் ஒரே வடிவில் எழுதத்தகும் இரு சொற்கள் அங்கு உள்ளன. சாதாரண ஹகரத்தோடு ஒலித்தால் ‘ஒன்று’. தொண்டை ஹகரத்தோடு ஒலித்தால் ‘தீர்வு’. நம் எழுத்தில் மறைவது அம்மொழியில் பொருளை வேறுபடுத்துகிறது.

இவ்வேறுபாடு தமிழ்ச் செவிக்கு எட்டாததன்று. திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை போன்ற ஊர்களில் குர்ஆன் ஓதக் கற்கும் சிறார்க்கு இரு ஹகரங்களின் பிறப்பிடமும் தனித்தனியே பயிற்றப்படுகிறது. ஆயினும், எழுதுங்கால் ஹாஜி, ஹிஜ்ரி இரண்டும் ஒரே ஹகரம் பெறுகின்றன. அலி, உமர் ஆகிய பெயர்களின் முதலிலுள்ள தொண்டைமெய் எழுத்தில் முற்றும் மறைகிறது. அரபுத்தமிழ் வரிவடிவமோ இவ்வேறுபாடுகளைக் காக்க வல்லது. குறை நம் செவியில் இல்லை; எழுத்துப்பெயர்ப்பு மரபில் உள்ளது.

அரபியோடு சோமாலி கொண்ட இவ்வொற்றுமையையும் ஆராய்ந்தே மதிப்பிடல் வேண்டும். 1963இல் கிரீன்பெர்க் வெளியிட்ட வகைப்பாட்டில் குசிட்டிக்கும் அரபி அடங்கிய செமிட்டிக்கும் ஆப்பிரோ-ஆசியக் குடும்பத்தின் தனித்தனிக் கிளைகளாகும். ‘தீர்வு’ என்னும் பொருளுடைய ‘ஹல்’ அரபியிலிருந்து பெற்ற கடன்சொல். ஆதலின் கடனையும் மரபையும் பிரித்தறியாமல், குடும்பத்துக்குள்ளேயும் உறவை நிறுவ இயலாது. குடும்ப எல்லை கடந்த தமிழ் ஒப்பீட்டுக்கு இக்கட்டுப்பாடு இன்னும் இன்றியமையாதது.

முடிவுரை

ஒலியன்களைப் பொருள் வேறுபாட்டால் நிறுவுதல், வருகைமுறையை ஒப்பிடுதல், கடன்சொற்களை விலக்குதல் ஆகிய மூன்றும் நிறைவேறிய பின்னரே உறவு பற்றிய வினா எழுதல் முறை. பிறமொழிச் சொற்களைத் தமிழில் தரும் ஆய்வேடுகள், தமிழெழுத்து மறைக்கும் வேறுபாடுகளைக் குறியிட்டு விளக்குதலை நெறியாகக் கொள்ளுதல் வேண்டும். இன்றேல் நாம் ஒப்பிடுவது சோமாலியை ஆகாது. தமிழெழுத்தில் எஞ்சிய அதன் நிழலையே ஆகும்.