கொழும்புத் தமிழ்: யார், யாரிடம், எதற்காக?

வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கும் யாழ்ப்பாணத்துப் பெண், முஸ்லிம் வியாபாரியிடம் "நானா, கத்தரிக்காய் என்ன விலை?" என்கிறார். காலி வீதிக்கு வந்ததும் ஓட்டோக்காரரிடம் சிங்களத்தில் "மல்லி, கீயத?" என்று பேரம் பேசுகிறார். ஏறி உட்கார்ந்து, போனில் அக்காவிடம் "ஓம், வாறன்" என்கிறார். இந்தப் பேச்சுகளின் ஒலிகளையும் விகுதிகளையும் பட்டியலிடுவது ஒரு வகை மொழியியல். யார், யாரிடம், எதற்காகப் பேசினார் என்பதிலிருந்து தொடங்குவது இன்னொரு வகை. அதுவே செயற்பாட்டு நோக்கு.

இதன் வேர் மானிடவியலில் இருக்கிறது. ட்ரோபிரியாண்ட் தீவுகளில் ஆய்வு செய்த மலினோவ்ஸ்கி, சூழலை விளக்காமல் சொல்லை விளக்க முடியாது என்று 1923இல் எழுதினார். செய்தி சொல்லாமல் உறவை மட்டும் பேணும் பேச்சையும் அவர் தனியே இனங்காட்டினார். புறப்படுகிறவரிடம் "எங்கே?" என்று கேட்காமல் "தூரமோ?" என்பதும், அவர் "போட்டு வாறன்" என்பதும் இந்த வகைதான். 1960இல் மொழியியலாளர் யாக்கோப்சன் வகுத்த ஆறு செயற்பாடுகளில் இதற்கும் இடம் கிடைத்தது. ஹைம்ஸ் 1962இல் பேச்சின் இனவரைவியலுக்கு வழிவகுத்தார். 1985இல் வந்த ஹலிடேயின் நூல், இலக்கணத்தையே பேசுபவர் முன்னுள்ள தெரிவுகளாக விவரித்தது.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று உறுப்புகளை அடுக்குகிறது. ஹைம்ஸின் பட்டியலிலும் இடம், பங்கேற்போர், நோக்கம் உண்டு. முன்னது செய்யுளுக்கு, பின்னது அன்றாடப் பேச்சுக்கு என்பதால் ஒன்றை மற்றதன் முன்னோடி என்று கொண்டாடுவது மிகை. ஆனால் சொல்லதிகாரம் இன்னும் நெருங்கி வருகிறது: வேண்டுபவர் தாழ்ந்தவரானால் 'ஈ', ஒத்தவரானால் 'தா', உயர்ந்தவரானால் 'கொடு'. மூன்றிலும் வேண்டுவது ஒன்றே. சொல்லைத் தீர்மானிப்பது உறவு.

இலங்கைத் தமிழ் பற்றிய நவீன ஆய்வு பெரும்பாலும் யாழ்ப்பாணப் பேச்சைச் சுற்றியே வளர்ந்தது. கமில் சுவெலபில் 1966இல் இலங்கைத் தமிழின் கூறுகள் பற்றி எழுதினார். பேராசிரியர் சுசீந்திரராசாவின் 1970, 1978ஆம் ஆண்டுக் கட்டுரைகள், சமூக வேறுபாடும் சாதியும் யாழ்ப்பாணத்தவரின் பேச்சில் எப்படிப் படிந்திருக்கின்றன என்று ஆராய்ந்தன. தமிழ் மட்டுமே என்ற அழுத்தம் நிலவிய யாழ்ப்பாணத்திலும் ஆங்கிலக் கலப்பு மறையவில்லை என்பதை சுரேஷ் கனகராஜா 1995இல் காட்டினார். கிறிஸ்ரினா டேவிஸின் 2020ஆம் ஆண்டு நூல் கண்டிப் பாடசாலைகளை மையமாகக் கொண்டது.

இந்த வரிசையில் கொழும்பின் இடம் சிறிது. ஆனால் செயற்பாட்டு நோக்குக்கு இந்நகரைவிட வளமான களம் கிடைப்பது அரிது. கொட்டாஞ்சேனையில் மலையகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் கொழும்புச் செட்டிகளும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 'வாங்கோ' என்பது வெறும் மரியாதை. கொழும்பில் அதே சொல் பேசுபவரின் ஊரையும் சொல்லிவிடும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போனவர்களுக்கு அதன் விலை தெரியும். பஸ்ஸில் தமிழ் பேசவே தயங்கியவர்கள் உண்டு. 2007 யூன் மாதம் வெள்ளவத்தை போன்ற இடங்களின் லொட்ஜுகளிலிருந்து தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்ட நகரம் இது. ஆகவே வீட்டில் 'வாங்கோ', வெளியில் 'வாங்க' என்று மாறிக்கொள்ளும் பிள்ளையின் பேச்சைக் 'கலப்புத் தமிழ்' என்று ஒதுக்குவது விவரிப்பாகாது. கேட்பவரை அறிந்து செய்யும் தெரிவு அது.

சட்டத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இவை மொழியின் தகுதியைச் சொல்கின்றன. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்கிறார்களா, ஆஸ்பத்திரி கிளினிக்கில் தாதி தமிழில் விளங்கப்படுத்துகிறாரா என்பதில்தான் அதன் செயற்பாடு தெரியும்.

அடுத்த ஆய்வு கிளைமொழி வரைபடத்தில் கொழும்புக்கு ஒரு நிறம் தேட வேண்டியதில்லை. சந்தை, கோவில், தேவாலயம், அரச கருமபீடம் என்று ஒவ்வோரிடத்திலும் பேசுபவரையும் கேட்பவரையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். கேட்பவரை விட்டுவிட்டுக் கொழும்புத் தமிழுக்கு இலக்கணம் எழுத முடியாது.