நன்னீரும் உவர்நீரும்: முரண் பற்றிய ஓர் இலக்கிய நோக்கு

இன்பமும் துன்பமும், ஆக்கமும் அழிவும், பிறப்பும் இறப்பும் என வாழ்வில் எதிரெதிராக நிற்பவற்றை இயற்கையின் துணைகொண்டு விளக்குதல் தமிழிலக்கியத்தின் நெடுநாளைய மரபாகும். பகலை அடுத்து இரவு வருகின்றது. தேய்ந்த மதி மீண்டும் வளர்கின்றது. வற்றிய குளம் மாரியில் நிரம்புகின்றது. ஆதலின் மனிதனும் பொறுத்திருப்பானாயின் துன்பம் நீங்கி இன்பம் தானே வந்தெய்தும் என்பது இம்மரபின் வழிவந்த பொதுவான அறிவுரை. மேடைப் பேச்சிலும் பாடநூலிலும் அடிக்கடி இடம்பெறும் இவ்வறிவுரை ஆறுதல் தருவதென்பதில் ஐயமில்லை. ஆயினும், இயற்கை உண்மையிற் கற்பிப்பது இதுதானா என்னும் வினா எழாமலே போய்விடுகின்றது. அவ்வினாவை எழுப்புவதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் அச்சுவேலிப் பகுதி பொருத்தமானதொரு களமாகும்.

வற்றாத ஆறெதுவும் இல்லாத குடாநாட்டில் அச்சுவேலி ஓர் ஊர். வடக்கே வளலாய்க் கடற்கரை. கிழக்கே தொண்டைமானாற்றுக் கடனீரேரி. அருகெல்லாம் உவர்நீர் நிற்க, இடையிலுள்ள செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்து வந்துள்ளன. இவ்விளைவுக்கு ஆதாரம் கிணறு. கிணற்றுக்கு ஆதாரம் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழை. அம்மழைநீர் செம்மண்ணினூடே இறங்கி, வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்த சுண்ணக்கற் பாறையில் தங்குகின்றது. அப்பாறையின் அடியிலோ கடல்நீர் ஊடுருவி நிற்கின்றது. அடர்த்தி குறைந்த நன்னீர், அடர்த்தி மிகுந்த உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. அச்சுவேலிக்கு அண்மையில், நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு இதனைக் கண்ணெதிரே காட்டும். இராமன் தன் படையின் தாகந் தணிக்க அம்பெய்து தோற்றுவித்தது என ஐதிகம் கூறும் அக்கிணற்றில் மேல்நீர் நன்னீராயிருக்க, ஆழஞ் செல்லச் செல்ல உவர் மிகுகின்றது.

இவ்விரு நீர்களின் உறவுக்கு ஒரு கணக்குண்டு. ஒல்லாந்தராகிய கைபென் என்பாரும் ஜேர்மானியராகிய ஹேர்ஸ்பேர்க் என்பாரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட விதி அது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது அவ்விதியின் சாரம். இதன் மறுதலையே அச்சந் தருவது. மேலே 1 அடி நீர் குறையுமாயின், கீழே உவர்நீர் கொள்கையளவில் 40 அடி மேலெழும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் உடல்வலுவே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை அகன்றது. அளவின்றி இறைத்தபோது கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியது. தொண்டைமானாற்று முகத்தில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தடுப்பணை கட்டப்பட்டதும் இவ்வுறவு கருதியே. கடல்நீரை வெளியே நிறுத்தி மழைநீரை உள்ளே தேக்குதல் அதன் நோக்கம்.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம், இரவும் பகலும் மாறிமாறி வரும் என்னும் பாடத்தினின்றும் பெரிதும் வேறுபட்டது. முதலாவதாக, முரண்பட்ட இரண்டும் ஒன்றையடுத்து ஒன்று வருவன அல்ல. ஒரே வேளையில் ஒன்றன்மேல் ஒன்று தங்கியிருப்பன. உவர்நீர் தாங்குவதாலேயே நன்னீர் மேலே நிற்கின்றது. இரண்டாவதாக, அவற்றின் சமநிலை தானாக என்றும் நிலைப்பதன்று. அளவு தவறினால் குலைவது. மூன்றாவதாக, இழப்பும் மீட்பும் சமமானவை அல்ல. ஒரு கோடையில் ஏறிய உவரைப் போக்குதற்குப் பல மாரிகள் வேண்டியிருக்கலாம். ஆகவே இயற்கை கற்பிப்பது காத்திருத்தலை அன்று, அளவறிதலையே எனலாம்.

பழந்தமிழ்ப் புலவர் இதனை உணர்ந்திருந்தனர் என்பதற்குத் திணைமரபே சான்று. தொல்காப்பியர் பாலைக்கென நிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் விளக்குகின்றது. பசுமையும் வறட்சியும் இரு வேறு நாடுகள் அல்ல. ஒரே நிலத்தின் இரு நிலைகள். அளவு மாறியதும் நிலை மாறுகின்றது.

இந்நோக்கில் புறநானூற்றின் இரு பாடல்களை ஒப்பிடுதல் பயனுடைத்து. 194ஆம் பாடல் பக்குடுக்கை நன்கணியார் பாடியது. 192ஆம் பாடல் கணியன் பூங்குன்றனார் பாடியது. இருவர் பெயரிலும் ‘கணி’ என்னுஞ் சொல் அமைந்திருத்தல் கருதத்தக்கது. அது காலங் கணிப்போரைக் குறிப்பதாகக் கொள்ளப்படும். கணித்தலாவது அளவறிதலே.

நன்கணியார் ஒரே ஊரின் இரு வீடுகளைக் காட்டுகின்றார். ஒன்றிலே சாப்பறை, மற்றொன்றிலே மணமுழவு. ஒருத்தி பூச்சூடி மகிழ, மற்றொருத்தி கண்ணீர் வடிக்கின்றாள். இரண்டும் ஒரே வேளையில் நிகழ்கின்றன என்பதே பாடலின் வலிமை. ‘இன்று அழுபவள் நாளை மகிழ்வாள்’ என்று புலவர் கூறவில்லை. அதற்கு மாறாக, உலகை இவ்வாறு படைத்தவன் பண்பற்றவன் எனக் கடிந்துரைக்கின்றார். அதன் பின்னரே, இன்னாததாகிய உலகின் இயல்பறிந்தோர் அதில் இனியவற்றைக் காண்க என்கின்றார். இப்பாடலை நிலையாமை கூறும் பாடலாக மட்டும் கொள்வோர் இறுதிப் பகுதியைப் போற்றி, நடுவிலுள்ள கண்டனத்தை விரைந்து கடந்து விடுவர். கண்டனமின்றி அமைதியில்லை என்பதே பாடலின் கட்டமைப்பு உணர்த்துவது. துன்பத்தைத் துன்பமென ஒப்புக்கொண்ட பின்னரே இனியது காணும் உரிமை பிறக்கின்றது.

பூங்குன்றனாரின் பாடல் இதனினும் கூடுதலாகப் பிழைபட உணரப்பட்டுள்ளது. மழை பொழிந்து, கல்லில் மோதி இரையும் பேராற்றில் நீர்வழிச் செல்லும் புணையை உயிருக்கு உவமையாக்குகின்றார் அவர். இதனை விதிவாதம் என்று விளங்கிக் கொள்வோர் பலர். ஆனால் பாடல் புணையோடு முடிந்து விடவில்லை. பெரியோரைக் கண்டு வியத்தலும் தகாது, சிறியோரை இகழ்தல் அதனினும் தகாது என்னும் முடிபுக்கே அது சென்று சேர்கின்றது. ஆற்றின் வலிமையை உணர்ந்தவன் தன் உயர்வைத் தன் ஆற்றலென்று செருக்குறான். பிறன் தாழ்வை அவன் குற்றமென்று எள்ளான். இயற்கை பற்றிய அறிவு ஈண்டுச் சமத்துவ உணர்வாகக் கனிகின்றது. விதியைக் காட்டி மனிதரை மேல் கீழாக வகுப்போர் இப்பாடலைத் துணைக்கழைத்தல் பொருந்தாது.

இவ்விடத்திலேயே குடாநாட்டுக் கிணறு மீண்டும் நினைவுக்கு வருகின்றது. நிலத்தடியில் நன்னீருக்கும் உவர்நீருக்கும் உள்ள வேறுபாடு இயற்கையானது. கிணற்றடியில் நிலவிய வேறுபாடோ அத்தகையதன்று. ஒடுக்கப்பட்ட சாதியினர் பொதுக் கிணற்றில் அள்ள உரிமையின்றி, பிறர் அள்ளி வார்க்கும் வரை குடத்தோடு காத்திருந்தமை யாழ்ப்பாணச் சமூக வரலாற்றின் மறைக்கவொண்ணாப் பகுதியாகும். 1986இல் மறைந்த கே. டானியல் தம் ‘தண்ணீர்’ நாவலில் இக்கொடுமையையே பொருளாகக் கொண்டார். அவருடைய நாவல்களில் கலைநயத்தை விட ஆவணத்தன்மை விஞ்சி நிற்கின்றது என்பது விமரிசகர் சிலரின் குறைபாடு. அதில் ஓரளவு உண்மையுண்டு. நிகழ்ச்சிகள் நெருக்கமாக அடுக்கப்படுதலால் பாத்திரங்கள் சிலவேளை மூச்சுவிட இடமின்றி நிற்கின்றன. எனினும், இயற்கை என்று சொல்லப்பட்ட ஒரு முரணை மனிதன் ஆக்கியதென்று எடுத்துக்காட்டியமை அவருடைய எழுத்தின் பெரும்பேறு. ‘மேலும் கீழும் உலக இயல்பு’ என்று கூறுவோருக்கு அவர் நாவலே விடை. மழை யாவர் நிலத்திலும் பெய்கின்றது. பாறை யாவர் கிணற்றுக்கும் நீரூட்டுகின்றது. தடை கிணற்றுக் கட்டில்தான் தொடங்குகின்றது.

ஆகவே, முரண்களைப் பாடும் இலக்கியத்தை மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. அவ்விலக்கியம் இயற்கை முரணையும் மனிதர் ஆக்கிய முரணையும் பிரித்தறிகின்றதா என்பதே அது. பிறப்பும் இறப்பும், மாரியும் கோடையும் மனிதன் மாற்றவியலாதவை. அவற்றோடு அளவறிந்து வாழ்தலே தகும். அடிமையும் ஆண்டையும், போரும் புலம்பெயர்வும் அத்தகையன அல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பல்லாயிரக்கணக்கில் வீடும் தோட்டமும் விட்டுத் தென்மராட்சி நோக்கி ஒரே இரவிற் பெயர்ந்தனர். அத்துயரைக் கடலின் ஏற்றவிறக்கத்தோடு ஒப்பிட்டு ஆறுதல் கூறும் கவிதை, எத்துணை இனிமையாயினும், உண்மைக்குப் புறம்பானது. கடல் எவரையும் வெளியேறுமாறு பணிப்பதில்லை.

இயற்கையைக் காட்டி மனிதனை அடங்கியிருக்கச் சொல்லும் எழுத்து, இயற்கையையே சரிவரக் கண்டதில்லை. அச்சுவேலித் தோட்டக்காரன் உவர்நீரைப் பகையென்று வெறுப்பதுமில்லை, விதியென்று வணங்குவதுமில்லை. அது அடியில் நிற்கின்றது என்பதை அறிந்து, எவ்வளவு இறைக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று கணித்தே பயிர் செய்கின்றான். கணக்குத் தவறிய ஆண்டில் அதன் விலையையும் அவனே கொடுக்கின்றான். நன்கணியாரும் பூங்குன்றனாரும் இருவேறு வழியாற் காட்டிய அறிவும் இதுவே. மாற்றவியலாததன் இயல்பறிந்து அளவோடு வாழ்தலும், மாற்றத்தக்கதை இயற்கையென்று பெயரிட்டு ஏற்றுக்கொள்ள மறுத்தலும் ஒரே அறிவின் இரு பக்கங்களாம்.