மூச்சுக்கு எட்டாத பாரம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் மனச்சோர்வு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சடைப்பு, தலையிடி, உடம்பு உளைவு, நித்திரையின்மை என்றுதான் வரும். வீட்டார் அதை "ஒரே யோசனை" என்பார்கள். போர் 2009 வரை நீண்டது. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியையும் கல்லடியையும் கடல் வாரிக்கொண்டு போனது. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இழப்பின் மேல் இழப்பு ஏறிய இந்த மண்ணில் யோகாசனத்தால் ஆவதென்ன?

நோய் உடம்பின் மொழியில் பேசும் இடத்தில் உடம்பின் வழியே போகும் வைத்தியம் எளிதில் ஏற்கப்படும். யோகத்தின் முதற்பலம் அதுதான். மனதைத் திறந்து பேசக் கூச்சப்படுபவரும் மூச்சை இழுத்துவிட மறுக்கமாட்டார். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் போர்க்காலத்து வடக்கில் இதை உணர்ந்தே தளர்வுப் பயிற்சிகளைப் பண்பாட்டோடு இணைத்தார்கள். இந்துக்களுக்குச் சாந்தியாசனமும் மந்திர உச்சரிப்பும், கிறிஸ்தவர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைநினைவான திக்ர் என அவரவர் மரபிலிருந்தே வழி எடுத்தார்கள். முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியும் தமிழர் வாழும் கல்லடியும் அருகருகே உள்ள இம்மாவட்டத்துக்கும் அந்த விவேகம் வேண்டும். சுனாமியில் உறவினரின் உடலை அடையாளம் காட்டியவரிடம் "சவாசனம்" என்பதைவிட, அதே ஆசனத்தைச் "சாந்தியாசனம்" என்பதே மேல்.

ஆய்வுகளும் ஓரளவு துணை நிற்கின்றன. 12 ஆய்வுகளில் 619 பேரின் தரவுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டு மீளாய்வொன்று, வழமையான சிகிச்சையோடு ஒப்பிடுகையில் யோகம் குறுகிய காலத்துக்கு மனச்சோர்வைக் குறைப்பதற்கு மிதமான ஆதாரம் கண்டது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட யோகம் மேலானது என்பதற்கு ஆதாரம் குறைவு. யோகம் பழகுகிறோம் என்பது பழகுபவருக்குத் தெரிந்தே இருப்பதால், நம்பிக்கையின் பங்கையும் பயிற்சியின் பங்கையும் பிரித்தறிவது கடினம்.

குறைகளும் உண்டு. கண்ணை மூடிக் கிடக்கும்போது சிலருக்கு அமைதிக்குப் பதில் பழைய காட்சிகள்தான் எழும். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே பழகலாம். கடுஞ்சோர்வில் படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம் ஆசனம் செய்யச் சொல்வது பாரத்தின் மேல் பாரம். குணமாகாவிட்டால் "நீ ஒழுங்காகப் பழகவில்லை" என்று பழியும் அவர் தலையிலேயே விழும். எல்லாவற்றிலும் பெரிய குறை, காரணத்தைத் தனிமனிதரின் மூச்சுக்குள் தேடுவது. நுண்கடன் தவணைக்கு அஞ்சும் பெண்ணின் துயரையும், காணாமலாக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் துயரையும் எந்தப் பிராணாயாமமும் தீர்க்காது. அவர்களுக்குக் கடன் நிவாரணமும் நீதியும் வேண்டும்.

ஆகவே யோகம் துணைவழி, மாற்றுவழியன்று. வைத்தியர் தந்த குளிசையை யோகத்தை நம்பி நிறுத்தக் கூடாது. சாகும் எண்ணம் தலைகாட்டினால் பாயை விரிக்க வேண்டாம். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள்.