எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் ஆண்டுதோறும் நிலைத்தன்மை அறிக்கை வெளியிடுகின்றன. 2015இல் புர்சா தன் விதிகளைத் திருத்தி இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அட்டையில் பெரும்பாலும் ஒரு பச்சை இலை இருக்கும். உள்ளே தலைக்கவசம் போட்டுச் சிரிக்கும் ஒரு தொழிலாளி. இலக்கிய இதழில் இதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நான் படித்தது பொறியியல். இத்தகைய அறிக்கைகளுக்கு எண்கள் திரட்டித் தருவதும் என் வேலையில் ஒரு பகுதி. எண்களைக் கொடுத்துவிட்டு, அவை எப்படிப்பட்ட வாக்கியங்களாகத் திரும்பி வருகின்றன என்று பார்க்கும்போது இவற்றை விமர்சகன் கண்ணோடு படிக்கவேண்டும் என்று தோன்றுகிறது. இந்த நாட்டில் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இன்று கம்பெனிகள்தான். அரசின் கொள்கை ஆவணங்களும் மெல்ல அதே மொழியில் பேசத் தொடங்கிவிட்டன.

முதலில் வினைச்சொற்களைப் பாருங்கள். 'உமிழ்வு குறைக்கப்படும்', 'மாற்றம் முன்னெடுக்கப்படும்', 'வாய்ப்புகள் ஆராயப்படும்'. எல்லாமே செயப்பாட்டுவினை, எல்லாமே எதிர்காலம். யார் குறைப்பார்கள்? யார் ஆராய்வார்கள்? எழுவாயைக் காணோம். 2050க்குள் நிகர பூஜ்யம் என்பது பல அறிக்கைகளில் இலக்குகூட இல்லை, 'வேட்கை'. இலக்கை எட்டாவிட்டால் யாராவது கேள்வி கேட்பார்கள். வேட்கை நிறைவேறவில்லை என்றால் யார் கேட்கப்போறாங்க?

அடுத்து 'செறிவு' என்ற சொல். 2021இல் மலேசியா புதுப்பித்த வாக்குறுதி இது: 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு, 2030க்குள் உமிழ்வுச் செறிவை 45% குறைப்பது. செறிவு என்றால் பொருளாதாரத்தின் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் எவ்வளவு கரியமிலம் வெளியாகிறது என்ற கணக்கு. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொருளாதாரம் இரண்டு மடங்காகிறது, செறிவு 45% குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை 0.55ஆல் பெருக்கினால் 1.1. அதாவது வாக்குறுதியை முழுசாக நிறைவேற்றிய பிறகும் மொத்த உமிழ்வு 10% கூடியிருக்கும். இதில் பொய் எதுவுமில்லை. ஆனால் '45% குறைப்பு' என்று படிக்கிற சாதாரண வாசகர் மனதில் எழும் படம் வேறு. கம்பெனி அறிக்கைகளிலும் இதே உத்திதான்: ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு குறைந்தது என்பார்கள், மொத்தம் எவ்வளவு என்பது பின்னிணைப்பில் இருக்கும்.

காகிதத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பார் மின்நிலையம். 1980களில் தொடங்கி, கட்டி முடித்தபோது அதன் திறன் 2,400 மெகாவாட்டுக்கு மேல். அதில் பெரும்பங்கு நிலக்கரி. இப்படிப்பட்ட நிலையங்கள் நீண்டகால மின் கொள்முதல் ஒப்பந்தங்களில் ஓடுகின்றன. மின்சாரம் தரத் தயாராக இருப்பதற்கே ஒரு கட்டணம் உண்டு. எரிபொருள் விலை ஏறினால் அந்தச் சுமையும் நம் மின்கட்டணத்தின் வழியாகக் கைமாறிவிடும். 2025ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில், இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026க்குள் கார்பன் வரி என்று பிரதமர் அறிவித்தார். நல்ல விஷயம்தான். ஆனால் ஒப்பந்தத்தைத் தொடாமல் வரியை மட்டும் போட்டால் அது எங்கே போய் இறங்கும்? கிள்ளான் கடைக்காரரின் மின்கட்டண பில்லில் இறங்கலாம். நிலக்கரியை எரிக்கிறவருக்கு வலித்தால்தான் அவர் எரிப்பதைக் குறைப்பார்.

கம்பெனிகள் எல்லாம் வில்லன்கள் என்று சொல்ல வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையில் கார்பனுக்கு விலை வைத்ததும், ஏற்றுமதி செய்கிற நம் ஆலைகள் உமிழ்வை அளக்கத் தொடங்கின. பத்து வருடக் கருத்தரங்குகள் செய்யாததை ஒரு விதி செய்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்றால், நேர்மையாகச் செலவழிக்கிற முதலாளி தோற்றுப்போகமாட்டார். தொழில்துறைக்குப் பருவநிலையில் ஒரு பங்கு உண்டு என்றால், விதியைக் கேட்டு வாங்குவதுதான் முதல் பங்கு.

நடைமுறையில் பார்ப்பது பெரும்பாலும் வேறு. கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகத்தை நினைத்துப் பாருங்கள். கரிச்சதுப்புக் காடு அது. வடிகால் வெட்டி உலர்த்தினால் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரியமிலம் காற்றில் கலக்கும். 2020இல் அதில் 930 ஹெக்டேரைக் கலப்பு மேம்பாட்டுக்காக எடுக்கும் திட்டம் வந்தது. எதிர்ப்புக்குப் பிறகும், 2021 ஆகஸ்ட் இறுதியில் 536 ஹெக்டேருக்கு மேல் காப்பகத்திலிருந்து நீக்கப்பட்டது வெளியே தெரிந்தது. செப்டம்பரிலேயே மாநில அரசு பின்வாங்கியது. காட்டைக் காப்பாற்றியது எந்த நிலைத்தன்மை அறிக்கையும் இல்லை. வனத்தை நீக்குமுன் பொது விசாரணை வேண்டும் என்ற சிலாங்கூர் சட்டமும், அந்த இடைவெளியில் குரல் கொடுத்த தெமுவான் பூர்வகுடி மக்களும் அவர்களோடு நின்றவர்களும்தான்.

அந்த ஆண்டு டிசம்பரில்தான் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பருவ வெள்ளத்தின் இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. ஒரு வெள்ளத்தை ஒரு புகைபோக்கியோடு முடிச்சுப் போட முடியாதுதான். ஆனால் அதற்குப் பிறகு நம்ம ஆட்கள் எழுதிய கவிதைகளைப் பாருங்கள். மழை சீறியது, ஆறு கோபித்தது, இயற்கை பழிவாங்கியது. மழைக்கும் ஆற்றுக்கும் எழுவாய் கிடைத்துவிட்டது. தாழ்நிலத்தில் வீடு கட்ட அனுமதித்தவர், கட்டி விற்றவர், காற்றில் கரியைச் சேர்த்தவர் யாருமே வரிகளில் இல்லை. கம்பெனி அறிக்கைக்கும் நம் வெள்ளக் கவிதைக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தோட்டத்து வாழ்க்கையை எழுதிய நம் முன்னோடிகள் கிராணியையும் துரையையும் பெயர் சொல்லி எழுதியவர்கள். அந்தத் துணிவு எங்கே போனது?

2024 செப்டம்பரில் வந்த தேசிய நிலைத்தன்மை அறிக்கையிடல் கட்டமைப்பின்படி, 200 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள முதன்மைச் சந்தை கம்பெனிகள் 2025ஆம் ஆண்டிலிருந்து சர்வதேசத் தரத்தில் எழுதவேண்டும். எண்கள் கூடுதலாக வரும், ஒப்பிடவும் முடியும். எனக்கு இன்னும் ஒரு பக்கம் வேண்டும்: இந்த ஆண்டு எந்த அமைச்சிடம், எந்தச் சட்டத்தைக் கேட்டு அல்லது எதிர்த்து, நேரடியாகவோ சங்கத்தின் வழியாகவோ மனுக்கொடுத்தீர்கள்? அட்டையில் 2050 என்று போட்டுவிட்டு, கூட்ட அறையில் 'வரியைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்க' என்று கேட்டிருந்தால் அதையும் அதே அறிக்கையில் அச்சிடட்டும். ஒரு கம்பெனியின் பருவநிலைக் கொள்கையை நான் அந்தப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.