நடந்திருக்கலாம், நடந்திருக்கக் கூடாது

புலம்பெயர் கதைகளில் அதிகம் உழைக்கும் சொல் எது என்று கேட்டால் 'ஊர்' என்பார்கள் சிலர், 'போர்' என்பார்கள் சிலர். என் வாசிப்பில் அது ஒரு வினைமுடிவு: '-இருக்கலாம்'. தப்பியிருக்கலாம், சொல்லியிருக்கலாம், வராமலே இருந்திருக்கலாம். கூடவே அதன் உறவுக்காரர்கள்: '-இருக்க வேண்டும்', '-இருப்பார்', '-இருக்கக் கூடாது'. முடிந்துபோன காலத்துக்குள் இருந்த சாத்தியங்களைப் பேச நம்மிடம் உள்ள கருவிகள் இவை. இவற்றை நம் எழுத்து எப்படிக் கையாள்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நான் வசிக்கும் நோர்பரியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குச் சில காலம் பாடம் எடுத்தேன். ஆங்கிலப் பள்ளியில் அவர்கள் 'மஸ்ட் ஹாவ்' வேறு, 'ஷுட் ஹாவ்' வேறு என்று படித்திருப்பவர்கள். முன்னையது ஊகம், பின்னையது குறை சொல்வது. தமிழில் இரண்டுக்கும் ஒரே உருவம். வாசலில் செருப்புக் கிடக்கிறது, ஆகவே மாமா வந்திருக்க வேண்டும். கலியாணத்துக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லியும் மாமா வரவில்லை; அவர் வந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப அவர் வந்தவரா, வரேல்லையா?"

சரியான கேள்வி. 'வந்திருக்கலாம்' என்பதும் அப்படித்தான். வந்தாரோ என்னவோ என்ற ஐயமும் அதுவே, வர வழியிருந்தும் வரவில்லையே என்ற மனக்குறையும் அதுவே. 'வந்திருக்கக் கூடும்' என்றால் ஐயம் மட்டும் நிற்கும். ஆனால் வீட்டுப் பேச்சில் அதை யாரும் அதிகம் எடுப்பதில்லை. அங்கே ஒரு ஏகாரம் போதும். 'வந்திருக்கலாமே' என்றால் வரவில்லை என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

சொல்லாமல் விளங்கும் இந்த மிச்சத்துக்குத் தமிழ் இலக்கணம் மிகப் பழைய காலத்திலேயே பெயர் வைத்திருக்கிறது: ஒழியிசை. தொல்காப்பிய இடையியல் 'மன்' என்ற இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் தருகிறது. கழிவு என்றால் இருந்தது இனி இல்லை என்பது. அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம் புறநானூற்றின் 235ஆம் பாடல், அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது. கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களோடு சேர்ந்து மகிழ்வான் என்று அவன் வழமையாகச் செய்தவற்றை அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அவன் பிழைத்திருக்கலாம், போருக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்ற பேச்சே கிடையாது. நடந்ததைச் சொல்லி முடிவில் 'மன்னே' என்கிறார். இனி அது இல்லை என்பது அந்த ஒற்றைச் சொல்லில் வந்து இறங்கிவிடுகிறது. இழப்பைச் சொல்ல நடக்காததைக் கற்பனை செய்துதான் ஆகவேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனாலும் '-இருக்கலாம்' தவிர வேறெதுவும் பொருந்தாத இடங்களும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தாய் 'அவன் தப்பியிருக்கலாம்' என்று சொன்னால், அதில் தப்பியிருப்பான் என்ற நம்பிக்கையும் தப்ப வழியிருந்ததே என்ற ஆற்றாமையும் பிரிக்க முடியாமல் கிடக்கும். அவருக்கே இரண்டில் எது என்று தெரியாது; தெரியாமையே அவருடைய நிலை. இதை ஆங்கிலத்தில் 'மே ஹாவ்' என்று போட்டால் நம்பிக்கை மட்டும் மிஞ்சும். 'குட் ஹாவ்' என்று போட்டால் வாசகர் அவனைப் பெரும்பாலும் இறந்தவனாகவே வாசிப்பார். 'மைட் ஹாவ்' ஓரளவுக்கு இரண்டையும் தாங்கும். நம் கதைகளின் மொழிபெயர்ப்புகளை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இடங்களைத்தான். மூலம் திறந்து வைத்த கதவை மொழிபெயர்ப்பாளர் சாத்திவிட்டாரா?

சட்டத்தின் மொழியில் அந்தக் கதவு சாத்தப்பட்டே ஆகவேண்டும். பிரித்தானியாவில் தஞ்சம் கோரிய தமிழர்களின் வழக்கில் பிரபுக்கள் சபை 1987 டிசம்பரில் ஒரு அளவுகோலை வகுத்தது: திரும்பிப் போனால் துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு வாய்ப்பு இருக்கவேண்டும். அதன்பின் 1988 பெப்ரவரியில் அவர்கள் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கே சிலர் பிடிக்கப்பட்டு அடிபட்டார்கள். மேன்முறையீட்டில் வென்று 1989இல் மீண்டும் இங்கே வந்தார்கள். ஆனால் ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991 ஒக்ரோபர் 30 அன்று, வில்வராஜா வழக்கில், சித்திரவதைத் தடை மீறப்படவில்லை என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. துன்புறுத்தப்படலாம் என்ற வெறும் சாத்தியம் மட்டும் போதாது என்பது அதன் காரணங்களில் ஒன்று. அடி உண்மையாகவே விழுந்திருந்தது. அனுப்பிய நாளில் அதை முன்கூட்டி அறிந்திருக்க வேண்டுமா என்பதுதான் வழக்காக இருந்தது. நம்மவர் சிலரின் வாழ்வு இப்படி ஒரு 'அறிந்திருக்க வேண்டும்' மீது நின்றது.

அகதி விண்ணப்பத்தில் ஒருவர் 'இருக்கலாம்' போட்டு எழுத முடியாது. எந்தத் திகதி, எந்த முகாம், யார் பிடித்தது என்று கேட்பார்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அந்த விண்ணப்ப வடிவத்தையே புனைவுக்குள் எடுத்துக்கொண்ட நாவல். அந்த வடிவம் தரும் இறுக்கம் அதன் பலங்களில் ஒன்று என்பேன்.

அதற்குப் பின் வந்த பல கதைகளில் இந்த இறுக்கம் தளர்ந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒருவர் பனி விழும் சன்னலைப் பார்த்தபடி 'எல்லாம் வேறு மாதிரி நடந்திருக்கலாம்' என்று நினைப்பார், கதை முடியும். நடந்திருக்கலாம்தான். யார் என்ன செய்திருந்தால்? அதைக் கதை சொல்லாது. கட்டுரைகளில் இதே நோய் இன்னும் கனமான இடத்தில் தெரிகிறது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். இதைத் தொடும் நம் எழுத்துகளில் நான் அடிக்கடி சந்திக்கும் வாக்கியம் 'அது நடந்திருக்கக் கூடாது' என்பது. மழை பெய்திருக்கக் கூடாது என்பது போல. 'செய்திருக்கக் கூடாது' என்று எழுதிப் பாருங்கள்: யார் என்ற கேள்வி உடனே எழும், எழுவாய் ஒன்று தேவைப்படும். நட, செய் என்ற இரண்டு வினைகளுக்கு இடையிலுள்ள இந்தத் தூரத்தை நம் உரைநடை தெரிந்தேதான் கடக்காமல் நிற்கிறது.

என் தொழிலிலும் இதற்குப் பக்கத்தில் ஒரு விவாதம் உண்டு. கணினி அமைப்பு ஒன்று விழுந்தால் பிறகு கூடி ஆராய்வோம். அந்த அறிக்கையில் 'இதைக் கவனித்திருக்க வேண்டும்' என்று எழுதக் கூடாது என்பது பல குழுக்களின் விதி. விபத்துகளை ஆராயும் சிட்னி டெக்கர் போன்றோர் சொல்லும் காரணம் எளிமையானது: அந்த வாக்கியம் நடக்காத ஓர் உலகத்தை விவரிக்கிறது, அன்று அந்த மனிதருக்கு என்ன தெரிந்தது, ஏன் அப்படிச் செய்தார் என்ற கேள்வியை அது நிறுத்திவிடுகிறது. புனைவெழுத்தாளருக்கும் இது நல்ல விதி. ஆனால் விபத்துக்குப் பொருந்துவது கட்டளைக்குப் பொருந்தாது. 1990இல் நடந்தது விபத்து அல்ல. யாரோ முடிவெடுத்தார்கள், யாரோ ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், அயலவர் யாரோ கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகள் இனி இந்தக் கதைகளை வாசிக்கப் போகிறார்கள், பாதிப்பேர் ஆங்கிலத்தில். மஸ்ட் ஹாவா, ஷுட் ஹாவா என்று அந்த மொழி அவர்களை ஒவ்வொரு வரியிலும் கேட்கும். தாய்மாரின் 'தப்பியிருக்கலாம்' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்கலாம். அதற்கு அந்த உரிமை உண்டு. 'நடந்திருக்கக் கூடாது' என்று எழுதும் நமக்கு அந்த உரிமை இல்லை.