தினமும் இரண்டு பஃப்: யாருக்கு, எதற்காக?

வீசிங் உள்ள குழந்தைக்கு எழுதித்தரப்படும் தடுப்பு இன்ஹேலரை, மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் போட வேண்டும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. இளைக்கும்போது மட்டும் போடும் சால்பியூட்டமால் சில நிமிடங்களில் இளைப்பைத் தணித்துவிடும். தடுப்பு இன்ஹேலரில் உள்ள புடசனைடு போன்ற ஸ்டீராய்டோ, மூச்சுக்குழாய் அழற்சியை மெல்ல மெல்லக் குறைக்கிறது. போட்ட அன்றும் ஒன்றும் தெரியாது, விட்ட அன்றும் தெரியாது. குழந்தை ஓடியாடத் தொடங்கியதும் நிறுத்திவிடும் அம்மாவைத் திட்டுவது நியாயமே இல்லை.

தினசரி முறையின் பலம் உண்மையானது. 2006-ல் வெளியான பீக் என்ற அமெரிக்க ஆய்வில், ஆஸ்துமா வர வாய்ப்பு அதிகமுள்ள 2, 3 வயதுக் குழந்தைகள் 285 பேர் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்களுக்குத் தொல்லையில்லாத நாட்கள் கூடின. நிறுத்திய பிறகு அந்தப் பலன் நிலைக்கவில்லை. நோயை அடக்கும் மருந்து இது, குணமாக்குவதல்ல. இதைச் சொல்லாமல் "விடாமல் போடுங்க" என்று மட்டும் சொன்னால், "பழகிட்டா விட முடியாது" என்ற பயம்தான் வீட்டில் வேரூன்றும்.

எல்லோருக்கும் தினசரி மருந்து தேவையா என்பது அடுத்த கேள்வி. 2011-ல் வந்த மிஸ்ட் ஆய்வு, சளி பிடிக்கும்போது இளைத்து, மற்ற நாட்களில் பெரிய தொல்லையில்லாத 278 சிறு குழந்தைகளைப் பார்த்தது. தினமும் கொடுத்ததும், சளி தொடங்கியதும் ஏழு நாள் மட்டும் கூடிய அளவில் கொடுத்ததும் கடும் இளைப்பைத் தடுப்பதில் வேறுபடவில்லை. இரண்டாவது முறையில் உடலுக்குள் போன மொத்த மருந்தும் குறைவு. எந்த முறை என்பதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் தேவையில்லாத குழந்தைக்குத் தினசரிக் கட்டாயம் விதித்துவிட்டு, தவறவிட்டதைக் குற்றமாக எண்ணுவது சரியல்ல.

ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டும் பலன் கிடைக்காத வீடுகளும் உண்டு. குழந்தை அழுது திமிறினால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது, நுரையீரலுக்குப் போகும் மருந்து வெகுவாகக் குறையும். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயைக் கழுவித் துணியால் துடைத்தால் உள்ளே நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்பு நீரில் அலசி அப்படியே காயவிட வேண்டும். மருந்து தீர்ந்த பிறகும் இன்ஹேலரிலிருந்து வாயு மட்டும் வந்துகொண்டிருக்கலாம்; எண்ணிக்கை காட்டும் வகை இல்லையென்றால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். "எங்கே, போட்டுக் காட்டுங்க" என்று அம்மாவிடம் கேட்காமலே டாக்டர்கள் அடுத்த சீட்டில் அளவைக் கூட்டி எழுதுகிறார்களே, இந்தச் சிகிச்சையின் பெரிய குறையாக நான் பார்ப்பது அதைத்தான்.