முடிவு தெரிந்த ஆட்டம்

முடிவு தெரிஞ்சுபோன ஆட்டத்தில் பார்க்க என்ன இருக்கு என்று கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய பேஸ்பால் ஒளிபரப்புகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1960 அக்டோபர் 13, பிட்ஸ்பர்க், உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். மஸரோஸ்கியின் ஹோம் ரன், பைரேட்ஸ் 10, யாங்கீஸ் 9 என்று வரலாறு இதைச் சுருக்கி வைத்திருக்கிறது. படம் ஓடும்போது சுருக்கம் கலைகிறது. எட்டாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் அவுட்டாகியிருக்க வேண்டிய பந்து தரையில் பட்டு எகிறி யாங்கீஸ் வீரர் குபெக்கின் தொண்டையைத் தாக்குகிறது. அந்த இன்னிங்ஸில் பைரேட்ஸுக்கு ஐந்து ரன். அடுத்து என்ன என்பது வர்ணனையாளருக்கும் தெரியாது, கூட்டத்துக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். இன்பம் இந்த இடைவெளியில்தான். 'நடந்தே தீரும்' என்று எழுதப்பட்டதெல்லாம் தற்செயலின் மேல் நிற்பதை இங்கே கண்ணால் பார்க்கிறோம்.

இந்தப் பிரதி பிழைத்ததும் தற்செயல்தான். அக்கால ஒளிபரப்புகளைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பெரும்பாலும் பாதுகாக்கவில்லை. பைரேட்ஸ் அணியின் பங்குதாரரான பாடகர் பிங் கிராஸ்பி, ஆட்டத்தைப் பார்க்கும் தைரியமில்லாமல் பாரிஸ் போய்விட்டார். பிறகு பார்ப்பதற்காகத் தொலைக்காட்சித் திரையிலிருந்து படமெடுக்க ஏற்பாடு செய்தார். 2009இல் அவர் வீட்டு ஒயின் அறையில் சுருள்கள் கிடைத்தன. வசதியுள்ள ஒருவரின் பதற்றத்தால் ஓர் ஆட்டம் மிஞ்சியது. அப்படிப் பதற ஆளில்லாத ஆட்டங்கள் போனது போனதுதான். எனவே 'கிளாசிக்' என்று நமக்குத் தரப்படும் பட்டியலை ரசிக்கும்போது, அதைத் தேர்ந்தது யார் என்றும் கேட்டாக வேண்டும்.